விவாத இழை: யாக்கோபு ஏசாவிடம் நீட்டியது காணிக்கையா, ஆசீர்வாதமா?

#1 | நெடுவழி

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரத்தையும் 33ஆம் அதிகாரத்தையும் நம்மில் பலர் இரண்டு தனிக் கதைகளாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். முதலாவது, பார்வை மங்கிய ஈசாக்கை ஏமாற்றி யாக்கோபு ஆசீர்வாதம் பெற்ற கதை. இரண்டாவது, இருபது ஆண்டுகள் தாய்மாமன் லாபான் வீட்டில் உழைத்துத் திரும்பும் யாக்கோபை அண்ணன் ஏசா ஓடிவந்து கட்டியணைத்த கதை. அண்மையில் எபிரேய மூலத்தை உரைகளின் துணையோடு மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தபோது, இவ்விரண்டையும் தைத்து வைத்திருக்கும் ஒரு சொல் கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

27:36இல் ஏசா வயிறெரிந்து சொல்வது: "லாக்காஹ் பிர்காத்தி." என் ஆசீர்வாதத்தை எடுத்துக்கொண்டான் என்பது பொருள். 33:11இல் யாக்கோபு அண்ணனிடம் மன்றாடுவது: "காஹ் நா எத் பிர்காத்தி." தயவுசெய்து என் ஆசீர்வாதத்தை எடுத்துக்கொள்ளும். வினை ஒன்றே, பெயரும் ஒன்றே. "பிர்காத்தி" என்ற வடிவம்கூட ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே வருகிறது. எடுத்துக்கொண்டவனே, எடுத்துக்கொள்ளும் என்று கெஞ்சுகிறான்.

நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் தமிழ் வேதாகமத்தில் 33:11இல் "காணிக்கை" என்றே இருக்கிறது. ஆகவே தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்த முடிச்சு தெரிய வழியில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தோரா நூல்களை, அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களை, கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இங்கே "எயுலோகியாஸ்", அதாவது ஆசிகள், என்றே எழுதினார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆசி என்ற சொல்லையே காத்தது. தமிழில் ஏன் விட்டுப்போயிற்று? அதைவிட முக்கியமாக, யாக்கோபு உண்மையிலேயே அண்ணனிடம் ஆசியைத் திருப்பிக் கொடுக்கிறானா?

#2 | ஏட்டுப்பூச்சி

நெடுவழி அவர்களே, நல்ல கேள்வி. ஆனால் சற்று நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். எபிரேயத்தில் "பெராகா" என்ற சொல்லுக்கு ஆசி என்பதோடு அன்பளிப்பு என்ற பொருளும் வழக்கில் உண்டு. அபிகாயில் தாவீதின் கோபத்தைத் தணிக்கக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வந்த அப்பமும் திராட்சரசமும் "பெராகா" எனப்படுகின்றன (1 சாமுவேல் 25:27). தாவீது கொள்ளைப்பொருளிலிருந்து யூதாவின் மூப்பர்களுக்கு அனுப்பியதும் அதுவே (30:26). குஷ்டம் நீங்கிய நாகமான் எலிசாவிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னதும் அதுவே (2 இராஜாக்கள் 5:15). ஆகவே நம் மொழிபெயர்ப்பாளர்கள் தவறிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஏசாவின் எதிரில் நிற்பவை வெள்ளாடும் செம்மறியாடும் ஒட்டகமும். அவற்றைக் காணிக்கை என்னாமல் வேறென்ன சொல்வது?

மொழிபெயர்ப்பில் எதிரொலி காணாமல் போவது ஒரு குறைதான். ஆனால் எதிரொலி கேட்கிற இடமெல்லாம் ஆசிரியர் திட்டமிட்டு வைத்தது என்று கொள்வதும் ஆபத்தானது.

#3 | நெடுவழி

ஏற்கிறேன். இருந்தாலும் ஒரு கணக்குப் பாருங்கள். இதே நிகழ்ச்சியில் அந்த மந்தைகளைக் குறிக்க ஆசிரியர் "மின்ஹா" என்ற வேறொரு சொல்லைக் கையாளுகிறார். வெகுமதி என்பது அதன் பொருள். நம் பதிப்புகளின் எண்படி 32:13, 18, 20, 21, பிறகு 33:10 என ஐந்து முறை அது வருகிறது. 33:10இல் யாக்கோபின் வாயிலேயே "என் வெகுமதி" என்று வந்துவிட்டது. அடுத்த வசனத்தில் அதே மந்தையை அதே வாய் "என் ஆசி" என்கிறது. தடுமாறிச் சொன்ன சொல்லாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்து முறை ஒரு சொல்லைப் பழக்கிவிட்டு ஆறாம் முறை மாற்றினால், கேட்பவரின் காது நிமிரத்தான் செய்யும்.

இன்னொன்று. காலேபின் மகள் அக்சாள் தகப்பனிடம் நீரூற்றுள்ள நிலம் கேட்கும்போது (யோசுவா 15:19) அங்கும் "பெராகா"தான். அங்கே நம் பழைய தமிழ்ப் பதிப்பு "ஆசீர்வாதம்" என்றே எழுதியிருக்கிறது. நிலத்தை ஆசீர்வாதம் என்று சொல்லலாமென்றால் ஆட்டையும் சொல்லலாம் அல்லவா?

#4 | உப்புக்காற்று

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆசி என்று நாம் பொதுவாகப் பேசுவதை ஈசாக்கு இரண்டு தனித்தனி வேளைகளில் கொடுத்தார் என்பதைக் கவனித்தால் குழப்பம் பாதி தீரும்.

மாறுவேடத்தில் வந்தவனுக்கு அவர் கொடுத்தது 27:28-29இல் உள்ளது. வானத்துப் பனி, பூமியின் கொழுமை, தானியம், திராட்சரசம் ஆகியவை ஒரு பாதி; உன் சகோதரருக்கு எஜமானாய் இரு, உன் தாயின் பிள்ளைகள் உன்னை வணங்குவார்களாக என்பது மறுபாதி. அதாவது செல்வமும் தலைமையும். ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட சந்ததி, தேசம் ஆகியவற்றின் பேச்சே அதில் இல்லை. அவை 28:3-4இல்தான் வருகின்றன. அப்போது யாக்கோபு எந்த வேடமும் போடவில்லை. தகப்பன் அவனை அழைத்து, இன்னாரென்று அறிந்தே, ஆபிரகாமின் ஆசீர்வாதத்தை அவனுக்குக் கொடுத்து அனுப்புகிறார்.

திருடியது எது, தானாகக் கிடைத்தது எது என்று இப்படிப் பிரித்துவைத்துக்கொண்டு 33ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். வணங்கப்பட வேண்டியவன் என்று ஆசி பெற்றவன் ஏழு முறை தரைமட்டும் குனிந்து அண்ணனை வணங்குகிறான். எஜமானாய் இரு என்று ஆசி பெற்றவன் "என் ஆண்டவன்" என்று அண்ணனை அழைத்து, தன்னை "உம்முடைய அடியான்" என்கிறான். கொழுமை என்று ஆசி பெற்றவன் 200 வெள்ளாடு, 20 கடா, 200 செம்மறியாடு, 20 ஆட்டுக்கடா, கன்றுகளோடு 30 பால் ஒட்டகங்கள், 40 பசு, 10 காளை, 20 பெண் கழுதை, 10 கழுதைக்குட்டி என்று ஓட்டிவிடுகிறான். ஒட்டகக் கன்றுகளைச் சேர்க்காமலே 550 தலை. திருடியது எதுவோ அதையே, அதே இரண்டு பாகங்களாக, திருப்பித் தருகிறான். ஆபிரகாமின் ஆசியை அவன் தொடவில்லை. அது ஏமாற்றிப் பெற்றதும் இல்லை.

#5 | மாடவிளக்கு

நீங்கள் எல்லாரும் யாக்கோபைப் பெரிய மனிதனாக்கிவிட்டீர்கள். எனக்கு அந்தக் காட்சியில் தெரிவது பயம் ஒன்றுதான். 400 பேரோடு ஏசா வருகிறான் என்று கேட்டதும் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறான். ஒன்று அடிபட்டாலும் மற்றது தப்பட்டும் என்கிறான். பணிப்பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தி, லேயாளை அடுத்தும், ராகேலையும் யோசேப்பையும் கடைசியிலும் வைக்கிறான். யாரை இழந்தாலும் பரவாயில்லை என்ற வரிசையை ஊரறியக் காட்டிவிட்டான். அந்த வரிசையில் முன்னால் நின்ற பிள்ளைகள் அதை மறந்திருப்பார்களா? பின்னாளில் யோசேப்பைக் குழியில் தள்ளிய கைகள் எவை என்று எண்ணிப் பாருங்கள்.

பாகப்பிரிவினையில் பிரிந்துபோன இரு குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். ஒரு சாவு வீட்டிலோ கல்யாண வீட்டிலோ எதிர்ப்பட நேர்ந்தால், தட்டு நிறையப் பழம் வரும். அந்தத் தட்டைக் கண்டு யாரும் மனம் மாறியதாக எனக்கு நினைவில்லை.

#6 | நெடுவழி

மாடவிளக்கு அவர்களே, வரிசையைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பயமும் உண்மைதான், மிகவும் பயந்து வியாகுலப்பட்டான் என்று மூலமே சொல்கிறது. பயந்தவன் செய்தது மெய்யான ஈடு ஆகாதா என்பதே என் ஐயம்.

32:20இல் அவன் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதைத் தமிழில் கொண்டுவருவது கடினம். சொல்லுக்குச் சொல் வைத்தால் ஏறத்தாழ இப்படி வரும்: "எனக்கு முகமுன்னே செல்லும் வெகுமதியால் அவன் முகத்தை மூடுவேன், அதன்பின் அவன் முகத்தைக் காண்பேன், ஒருவேளை அவன் என் முகத்தைத் தூக்குவான்." ஒரே வாக்கியத்தில் முகம் நான்கு முறை. "முகத்தை மூடுவேன்" என்பதிலுள்ள வினை "கிப்பேர்". பிற்காலத்தில் யூதரின் பாவநிவாரண நாளுக்கு (யோம் கிப்பூர்) பெயர் தந்த வேர் அதுவே. அவனுடைய முகத்தில் விழிக்கமாட்டேன், முகங்கொடுத்துப் பேசவில்லை என்றெல்லாம் அன்றாடம் பேசுகிற நமக்கு இது அந்நியமாக இராது. அந்த இரவே யாப்போக்கு ஆற்றங்கரையில் ஒருவரோடு போராடி, தேவனை முகமுகமாய்க் கண்டேன் என்று இடத்துக்குப் பெனியேல், அதாவது தேவனுடைய முகம், என்று பேரிடுகிறான். விடிந்ததும் அண்ணனைப் பார்த்து, உம்முடைய முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல இருக்கிறது என்கிறான். முகத்துதி என்று தள்ளலாம்தான். ஆனால் முந்தின இரவில் அப்படி ஒரு முகத்தை அவன் உண்மையில் கண்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

#7 | கரிசல்மழை

முத்தத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே. எபிரேயத் தோராவின் அச்சுப் பிரதியில் 33:4ஐ எடுத்துப் பாருங்கள். "அவனை முத்தமிட்டான்" என்பது எபிரேயத்தில் ஒரே சொல், ஆறு எழுத்து. அந்த ஆறு எழுத்துகளின் தலைமேலும் ஆளுக்கொரு புள்ளி இருக்கும். உயிர்க்குறிகளோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. உயிர்க்குறியே எழுதாத தொழுகைச் சுருளிலும் இந்த ஆறு புள்ளிகளை எழுத்தர்கள் இன்றும் மையால் இடுகிறார்கள். தோரா முழுவதிலும் இப்படிப் புள்ளியிட்ட இடங்கள் பத்துதான்.

ஏன் இட்டார்கள் என்பதில் ரபிகள், அதாவது யூத மறை ஆசிரியர்கள், இரண்டுபட்டார்கள். ரபி சிமியோன் பென் யோகாய், ஏசா யாக்கோபைப் பகைப்பது எல்லாரும் அறிந்ததே, ஆனால் அந்த நேரத்தில் அவன் இரக்கம் பொங்கி முழு மனத்தோடு முத்தமிட்டான் என்றார். ஆதியாகமத்துக்கான மித்ராஷ் என்னும் பழைய யூத விளக்கநூல் ஒன்றில் ரபி யன்னாய் சொல்வது வேறு. "நாஷக்" என்ற சொல்லை ஓர் எழுத்து மாற்றி ஒலித்தால் "கடித்தான்" என்று ஆகும். ஏசா கடிக்கத்தான் வந்தான், யாக்கோபின் கழுத்து சலவைக்கல்லாக மாறிவிட்டது, அதனால்தான் இருவரும் அழுதார்கள். ஒருவன் கழுத்து வலியால், மற்றவன் பல் வலியால்! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஏசாவின் வழிவந்தவன் என்று ரோமப் பேரரசை அடையாளம் கண்டு, அதன் காலடியில் வாழ்ந்தவர்களின் கசப்பு அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது என்பதும் தெரியும்.

ஆனால் கழுத்து என்ற சொல் தற்செயலாக வரவில்லை என்றே எண்ணுகிறேன். தாய் ரெபேக்காள், மயிரடர்ந்த ஏசாவைப்போல் தோன்றும்படி, வெள்ளாட்டுக்குட்டியின் தோலைச் சுற்றியது யாக்கோபின் கைகளிலும் மயிரற்ற கழுத்திலும் (27:16). தகப்பன் கிட்ட அழைத்து முத்தம் கேட்டபோது அந்தத் தோலோடும் அண்ணனின் உடையோடும் சென்றுதான் முத்தமிட்டான். 33:4இல் ஏசா கட்டிக்கொள்ளும் கழுத்துக்கும் மூலத்தில் அதே சொல்தான். தன்னைப்போல் நடிக்கத் தோல் கட்டியிருந்த அதே கழுத்தை, தோலின்றி, ஏசா தொடுகிறான்.

#8 | ஏட்டுப்பூச்சி

கரிசல்மழை எழுதியதைப் படித்தபின் என் நிதானம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொற்கள் இத்தனை இடங்களில் கைகோத்து நிற்குமானால் தற்செயல் என்று தள்ளுவது கடினம்.

வேறொன்றைக் கேட்கத் தோன்றுகிறது. இந்தச் சந்திப்பு முழுவதிலும், என்னை மன்னித்துவிடு என்று யாக்கோபும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்று ஏசாவும் சொல்லவில்லை. நடந்தது என்னவென்ற பேச்சே எழவில்லை. ஏசா சொல்வதெல்லாம், எனக்குப் போதுமானது இருக்கிறது தம்பி, உன்னுடையது உனக்கே இருக்கட்டும் என்பதுதான். பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இந்த இடத்தில், ஆசிகள் தம்பிக்கே உரியவை என்று ஏசா ஒப்புக்கொண்டுவிட்டான் என்கிறார். ஒப்புக்கொண்டானோ இல்லையோ, "தம்பி" என்று உறவு சொல்லி அழைத்தவன் அவன் ஒருவன்தான். யாக்கோபு கடைசிவரை "ஆண்டவனே" என்பதோடு நின்றுவிட்டான்.

யோசேப்பின் கதையிலும் இதே மௌனம்தான். தன்னை வெளிப்படுத்திய நாளில் (45ஆம் அதிகாரம்) சகோதரர் ஒவ்வொருவரையும் முத்தமிட்டு அழுகிறான். என்னை விற்றதற்காகச் சஞ்சலப்படாதீர்கள் என்கிறான். மன்னித்தேன் என்ற சொல் இல்லை. அதற்குப்பின் யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து 147ஆம் வயதில் இறக்கிறார். யோசேப்பு விற்கப்பட்டபோது அவனுக்கும் 17 வயது. தகப்பனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும் சகோதரர்களுக்குக் குலை நடுங்குகிறது; இனி நம்மைப் பழிவாங்குவான் என்கிறார்கள். பதினேழு ஆண்டுகள் அவன் கையால் உண்டவர்கள்! உங்கள் தகப்பன் சாகுமுன் இப்படிக் கட்டளையிட்டார், அவர்கள் குற்றத்தை மன்னிக்கச் சொன்னார், என்று ஆளனுப்பிச் சொல்கிறார்கள். தகப்பன் அப்படிச் சொன்னதாக நூலில் எங்கும் இல்லை. சமாதானத்துக்காக உண்மையைச் சற்று மாற்றிச் சொல்லலாம் என்பதற்கு யூதரின் மறைச்சட்டத் தொகுப்பான தல்மூத் இதையே சான்றாகக் காட்டுகிறது. யோசேப்பு அழுகிறான். நான் தேவனுடைய இடத்தில் இருக்கிறேனா என்று கேட்கிறான். இப்போதும் அந்தச் சொல் வரவில்லை. உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நான் பராமரிப்பேன் என்கிறான், அவ்வளவே.

#9 | மாடவிளக்கு

ஏட்டுப்பூச்சி சொன்ன அந்தப் பதினேழு ஆண்டுகள் என்னைத் தூங்கவிடவில்லை. சொல்லாமல் விட்டதால்தானே அத்தனை ஆண்டுகள் அவர்கள் பயந்து கிடந்தார்கள்? சொல்லியிருக்கலாம்.

யாக்கோபின் பக்கம் இன்னொரு நெருடல். சேர்ந்தே போகலாம் வா என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், கறவை ஆடுகள் உண்டு, நீர் முன்னே போம், நான் மெல்லச் சேயீருக்கு வந்து சேர்கிறேன் என்கிறான். ஏசா தெற்கே சேயீருக்குப் போக, இவன் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டி, மாடுகளுக்குக் கொட்டகையும் போட்டுவிடுகிறான். சேயீருக்கு அவன் போனதாக ஓர் எழுத்தும் இல்லை. ஏழு முறை விழுந்து கும்பிட்டவன் அதே நாளில் மறுபடியும் அண்ணனை ஏமாற்றிவிட்டானே!

#10 | உப்புக்காற்று

ஏமாற்று வேலைதான்; ஆனால் ஒன்றாகக் குடியிருந்திருந்தால் அந்தச் சமாதானம் எத்தனை நாள் நின்றிருக்கும் என்றும் கேட்க வேண்டும். 36:7இல், அவர்கள் மந்தைகளை அந்தத் தேசம் தாங்கவில்லை என்று நூல் காரணம் சொல்கிறது. ஆபிரகாமும் லோத்தும் பிரிந்ததற்கும் அதே காரணம்தான். சகோதரர் இருவரும் மறுபடி ஒன்றாகக் காணப்படுவது 35:29இல்: 180 வயதில் இறந்த ஈசாக்கை "அவன் குமாரராகிய ஏசாவும் யாக்கோபும்" அடக்கம் செய்தார்கள். ஏசாவின் பெயர்தான் முதலில். தலைமகனின் இடம் கல்லறை வாசலில் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. ஈசாக்குக்கு 60 வயதில் பிறந்தவர்கள் என்பதால் அப்போது இருவருக்கும் வயது 120. ஆபிரகாமை அடக்கம் செய்தவர்களும் ஈசாக்கும் இஸ்மவேலும்தான்; அங்கே பெயர் வரிசையில் இளையவன் முந்திவிட்டான்.

பின்வந்த தலைமுறைகளிலும் கணக்கு முடியவில்லை. எருசலேம் இடிபட்ட நாளில் அதை இடித்துத் தள்ளுங்கள் என்று ஏசாவின் வழிவந்த ஏதோம் மக்கள் கூவியதைச் சங்கீதம் 137 மறக்கவில்லை. ஒபதியாவின் நூல் முழுவதும் அந்தக் குற்றச்சாட்டுதான். ஆனால் உபாகமம் 23:7, ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன், என்று சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

யாக்கோபு கற்றுக்கொண்டானா என்று கேட்டால் நான் 48ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். மூப்பினால் அவன் கண்களும் மங்கிவிட்டன. யோசேப்பு தன் மகன்களில் மூத்தவன் மனாசேயைத் தகப்பனின் வலப்பக்கமும் இளையவன் எப்பிராயீமை இடப்பக்கமும் வருமாறு பார்த்து நிறுத்துகிறான். கிழவர் கைகளைக் குறுக்காக மாற்றி, வலக்கையை இளையவன் தலையில் வைக்கிறார். யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை. கையைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறான். "அறிவேன், மகனே, அறிவேன்" என்கிறார். இங்கும் இளையவன்தான் முந்துகிறான். ஆனால் வேடமில்லை, தோலில்லை, கதவுக்கு வெளியே ஒளிந்து கேட்கும் தாயில்லை. மூத்தவன் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் தலையிலும் ஒரு கை இருக்கிறது. உனக்கு ஒரே ஆசிதானா இருக்கிறது, தகப்பனே, என்று ஏசா அழுததற்கு ஒரு தலைமுறை தாண்டி வந்த பதில் இது. யூத வீடுகளில் இன்றும் வெள்ளி இரவில் பெற்றோர் மகன்களின் தலையில் கைவைத்து, தேவன் உன்னை எப்பிராயீமைப்போலவும் மனாசேயைப்போலவும் ஆக்குவாராக என்று சொல்லிவிட்டு, எண்ணாகமம் 6இல் உள்ள ஆசாரிய ஆசியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மூலத்தில் அது மூன்று, ஐந்து, ஏழு சொற்களாக வளரும் மூன்றே வரி. நெடுவழி சொன்ன "முகத்தைத் தூக்குதல்" அதன் கடைசி வரியிலும் உண்டு. 1979இல் எருசலேமின் கெத்தேப் இன்னோம் கல்லறைகளில் கபிரியேல் பர்க்காய் குழுவினர் கண்டெடுத்த இரு சிறு வெள்ளிச் சுருள்களில் இவ்வாசியின் வாசகங்கள் கீறப்பட்டிருந்தன.

#11 | நெடுவழி

அனைவருக்கும் நன்றி. மொழிபெயர்ப்புக் கேள்வியில் என் நிலை மாறவில்லை: 33:11இல் "ஆசீர்வாதம்" என்றே இருக்க வேண்டும், காணிக்கை என்பது அடிக்குறிப்பில் இருக்கலாம். யோசேப்பு சொல்லியிருக்கலாம் என்று மாடவிளக்கு கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

உப்புக்காற்று "கதவுக்கு வெளியே ஒளிந்து கேட்கும் தாய்" என்று எழுதியதும் ரெபேக்காளை நினைத்துக்கொண்டேன். ஏற்பாடு முழுவதும் அவளுடையது. சாபம் வந்தால் என்மேல் வரட்டும் மகனே என்று சொன்னவளும் அவள்தான். அண்ணன் கோபம் தணியும்வரை சில நாள் லாபான் வீட்டில் இரு, பிறகு ஆளனுப்பி உன்னை வரவழைப்பேன் என்று அனுப்பினாள். சில நாள் இருபது ஆண்டுகளாயிற்று. ஆளனுப்பியதாக நூலில் இல்லை. மகன் திரும்பி வரும்போது அவள் எங்கே என்றும் இல்லை. அவளுடைய தாதி தெபொராள் பெத்தேலில் ஒரு கர்வாலி மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டாள், அந்த இடத்துக்கு அழுகையின் மரம் என்று பேரிட்டார்கள் என்ற ஒரு வசனம் மட்டும் இருக்கிறது (35:8). பிள்ளைகள் இருவரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை அவள் பார்க்கவில்லை. அவளைக் குடும்பக் கல்லறையான மக்பேலா குகையில் அடக்கம் செய்ததை, எகிப்தில் மரணப் படுக்கையில் கிடந்து யாக்கோபு ஒரே வாக்கியத்தில் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.